நியூ ஜெர்சி ஆளுநர் நாற்காலி: காலியானால் அடுத்து யார்?

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 2026 ஜனவரி 20 அன்று மிக்கி ஷெரில் 57ஆவது ஆளுநராகப் பதவியேற்றார். அந்த 57 எப்படி வந்தது என்று பழைய பட்டியலை எடுத்துப் பார்ப்பவர்களுக்குக் கணக்கு இடிக்கும். 2002 ஜனவரியில் மட்டும் எட்டு நாட்களுக்குள் ஐந்து பேர் ஆளுநரின் அதிகாரத்தை வைத்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் வைத்திருந்தது சுமார் 90 நிமிடம். இன்னொருவர் சில நாட்கள் மட்டும் இருந்துவிட்டுப் போய், 2004இல் திரும்பி வந்து 14 மாதம் மாநிலத்தை ஆண்டார். ஆனால் அந்த 14 மாதத்திலும் அவருக்குச் சட்டப்படி 'ஆளுநர்' என்ற பெயர் இல்லை. அவர் பதவியைவிட்டு இறங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் அது கிடைத்தது.

இந்தக் குழப்பத்துக்குத் தனிமனிதர்கள் காரணமில்லை. அரசமைப்புச் சட்டத்தில் இருந்த ஒரு பழைய ஏற்பாடுதான் காரணம். அதன் ஒரு பகுதியைத் திருத்திவிட்டார்கள். மற்றொரு பகுதி இன்னும் அப்படியே இருக்கிறது.

ஆளுநர் பதவியின் எடை

இந்தியாவில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார்; மாநிலத்தை நடத்துவது முதலமைச்சர். அமெரிக்க மாநிலங்களில் ஆளுநரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிர்வாகம் முழுவதும் அவர் கையில்.

அதிலும் நியூ ஜெர்சி ஆளுநருக்கு இருக்கும் அதிகாரம் மற்ற பல மாநில ஆளுநர்களுக்கு இல்லை. பல மாநிலங்களில் அட்டர்னி ஜெனரல் (அரசின் தலைமைச் சட்ட அதிகாரி), மாநிலச் செயலர், கருவூலர் ஆகியோரும் தனித்தனியே தேர்தலில் வென்று வருவார்கள். நியூ ஜெர்சியில் இவர்களை ஆளுநரே நியமிக்கிறார். நீதிபதிகளையும் மாவட்ட அரசு வழக்கறிஞர்களையும்கூட அவர்தான் முன்மொழிகிறார். மாநிலச் சட்டமன்றத்தின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும், அவ்வளவுதான். வரவுசெலவுத் திட்டத்தில் பிடிக்காத ஒரு தொகையை மட்டும் தனியே வெட்டவும் அவரால் முடியும். 1947இல் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புச் சட்டம் தந்த அதிகாரங்கள் இவை.

மாநில நிர்வாகத்தில் மாநிலம் முழுவதும் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் ஒரே ஆள் ஆளுநர் என்பதுதான் அந்தச் சட்டத்தின் அடித்தளம். பொறுப்பு ஒருவரிடம் குவிந்திருந்தால் கேள்வி கேட்பதும் எளிது என்பது அதன் தர்க்கம். அது நல்ல தர்க்கம்தான். ஆனால் அந்த ஒருவர் இல்லாமல் போனால், மாநிலம் முழுவதும் வாக்கு வாங்கிய வேறு எவரும் அன்றைய நிர்வாகத்தில் மிச்சமிருக்கவில்லை.

இரண்டு வகை இன்மை

மேலே போவதற்கு முன் சில சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம்.

1. பதவி காலியாவது: ஆளுநர் இறக்கிறார், ராஜினாமா செய்கிறார், அல்லது நீக்கப்படுகிறார். அவர் திரும்பி வர மாட்டார்.

2. தற்காலிக இன்மை: ஆளுநர் பதவியில்தான் இருக்கிறார், ஆனால் மாநிலத்துக்கு வெளியே போயிருக்கிறார், அல்லது உடல்நிலையால் வேலை செய்ய முடியவில்லை. அவர் திரும்பும்வரை அதிகாரம் இன்னொருவரிடம் இருக்கும்.

3. பொறுப்பு ஆளுநர்: ஆளுநரின் அதிகாரத்தைப் பயன்படுத்துபவர், ஆனால் ஆளுநர் அல்லாதவர். மசோதாவில் கையெழுத்திடலாம், அவசரநிலை அறிவிக்கலாம்.

2005க்கு முன்பு நியூ ஜெர்சி இந்த இரண்டு இன்மைகளுக்கும் ஒரே தீர்வைத்தான் வைத்திருந்தது. ஆளுநர் இறந்தாலும் சரி, விடுமுறைக்குப் போனாலும் சரி, அதிகாரம் செனட் தலைவரிடம் போகும். அவரும் இல்லையென்றால் கீழவையான பேரவையின் சபாநாயகர். அதற்குப் பிறகு யார் என்பதைச் சாதாரணச் சட்டம் சொல்லும்; அந்த இடத்தில் அட்டர்னி ஜெனரல் இருந்தார். ஆளுநரின் அதிகாரம் 'அப்போதைக்குச் செனட் தலைவராக இருப்பவரிடம்' சேரும் என்பதே விதி. அதிகாரம் ஆளோடு ஒட்டவில்லை, செனட் தலைவர் என்ற பதவியோடு ஒட்டியிருந்தது. அந்தப் பதவி போனால் ஆளுநர் அதிகாரமும் கூடவே போய்விடும். பின்னால் வந்த சிக்கல்கள் எல்லாவற்றுக்கும் இதுவே வேர்.

பழைய கதைகள்

1776இன் முதல் அரசமைப்பில் ஆளுநரைச் சட்டமன்றமே ஆண்டுதோறும் தேர்ந்தெடுத்தது. 1802இல் இரு வேட்பாளர்களுக்கும் சம வாக்குகள் கிடைத்து முடிவு எட்டப்படாததால், மேலவையின் துணைத் தலைவர் ஜான் லாம்பர்ட் ஓராண்டு பொறுப்பு ஆளுநராக இருந்தார். 1844இல் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது: மூன்றாண்டுப் பதவிக்காலம், ஒருவர் தொடர்ந்து இருமுறை இருக்கக் கூடாது.

இந்தக் கடைசி விதியால் ஒரு வினோதமான வழக்கம் உருவானது. 1898 ஜனவரி இறுதியில் ஆளுநர் ஜான் கிரிக்ஸ் நாட்டின் அட்டர்னி ஜெனரலாகப் போக ராஜினாமா செய்தார். செனட் தலைவர் ஃபாஸ்டர் வூர்ஹீஸ் பொறுப்புக்கு வந்தார். அடுத்த தேர்தலில் அவரே வேட்பாளர். பொறுப்பில் இருந்துகொண்டே வென்றால் 'தொடர்ந்து இருமுறை' என்ற தடை பாயுமோ என்ற சந்தேகம் எழுந்தது. எனவே அக்டோபரில் அவர் விலகினார்; சபாநாயகர் டேவிட் வாட்கின்ஸ் 1899 ஜனவரி வரை மாநிலத்தைக் கவனித்துக்கொண்டார். வூர்ஹீஸ் வென்று முழு ஆளுநராகத் திரும்பினார்.

1913இல் இதே கதை மறுபடி நடந்தது. ஆளுநர் உட்ரோ வில்சன் அமெரிக்க அதிபராகப் பதவியேற்க மார்ச் 1 அன்று விலகினார். செனட் தலைவர் ஜேம்ஸ் ஃபீல்டர் பொறுப்பேற்றார், தேர்தலுக்குச் சில நாட்கள் முன்பு அக்டோபர் இறுதியில் விலகினார், சபாநாயகர் லியான் டெய்லர் இடைவெளியை நிரப்பினார், ஃபீல்டர் வென்று வந்தார். ஒருவர் தேர்தலில் நிற்கத் தடை வந்துவிடக் கூடாது என்பதற்காக மாநிலத்தின் தலைமை இரண்டு முறை கைமாறியிருக்கிறது. அப்போதே துணை ஆளுநர் பதவி ஒன்றை உருவாக்கியிருக்கலாம். 1947இல் புதிய அரசமைப்பு எழுதியபோதும் அதைச் செய்யவில்லை. அதன்பின் அரை நூற்றாண்டுக்கும் மேலாக எந்த ஆளுநரும் இடையில் விலகவில்லை, இறக்கவில்லை. ஓட்டை இருப்பதே மறந்துபோனது.

2002: எட்டு நாட்கள், ஐந்து பேர்

2001 ஜனவரி 31 அன்று ஆளுநர் கிறிஸ்டீன் டாட் விட்மன், அதிபர் புஷ் அரசில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவராகப் போனார். அந்த ஆண்டு நவம்பரில் வழக்கமான ஆளுநர் தேர்தல் இருந்ததால் இடைத்தேர்தல் கிடையாது. செனட் தலைவர் டொனால்ட் டிஃப்ரான்செஸ்கோ பொறுப்பு ஆளுநரானார். செப்டம்பர் 11 தாக்குதலில் நியூ ஜெர்சிக்காரர்கள் சுமார் 700 பேர் இறந்தபோது மாநிலத்தை நடத்தியவர் இவர்தான். மாநில வரலாற்றின் மிகக் கடினமான வாரங்களில், செனட் தலைவர் என்ற தகுதியில் மட்டும் அங்கே வந்த ஒருவர் தலைமையில் இருந்தார்.

நவம்பரில் ஜிம் மெக்ரீவி வென்றார். அவர் பதவியேற்கும் நாள் 2002 ஜனவரி 15. ஆனால் பழைய சட்டமன்றத்தின் காலம் ஜனவரி 8 அன்றே முடிந்துவிட்டது. அன்று டிஃப்ரான்செஸ்கோ செனட் தலைவராக இருப்பது முடிந்தது, அதோடு ஆளுநர் அதிகாரமும் போனது. நடந்தது இது:

1. செனட் தலைவர் இல்லை. பழைய பேரவையின் சபாநாயகரும் இல்லை. வரிசையில் அடுத்தவரான அட்டர்னி ஜெனரல் ஜான் ஃபார்மர், புதிய செனட் கூடித் தலைவரைத் தேர்வு செய்யும்வரை, சுமார் 90 நிமிடம் பொறுப்பு ஆளுநராக இருந்தார்.

2. புதிய செனட்டில் 40 இடங்கள் 20க்கு 20 என்று சரிபாதியாகப் பிரிந்திருந்தன. இரு கட்சிகளும் ஆளுக்கொரு தலைவர் என்று ஒப்புக்கொண்டன. குடியரசுக் கட்சியின் ஜான் பென்னட் மூன்றரை நாள் பொறுப்பு வகித்தார்.

3. ஜனவரி 12 முதல் ஜனநாயகக் கட்சியின் ரிச்சர்ட் கோடி பொறுப்பு வகித்தார்.

4. ஜனவரி 15 அன்று மெக்ரீவி.

மாநிலத்தின் ஆட்சித் தலைமையையே இரு கட்சிகள் நாள் கணக்கில் பங்குபோட்டுக்கொண்டன. விதிமீறல் எதுவும் இல்லை. விதியே அப்படி இருந்தது.

2004: ஒரு தேதியின் அரசியல்

அந்த வாரத்தை ஒரு விநோதமாகக் கருதி மாநிலம் கடந்துபோயிருக்கலாம். இரண்டரை ஆண்டுகளில் அடுத்தது வந்தது. 2004 ஆகஸ்ட் 12 அன்று மெக்ரீவி, திருமணத்துக்கு வெளியே ஓர் ஆணுடன் தனக்கு உறவு இருந்ததை வெளிப்படையாகச் சொல்லி ராஜினாமாவை அறிவித்தார். ஆனால் உடனே போகவில்லை. நவம்பர் 15 அன்று விலகுவதாகச் சொன்னார்.

ஏன் நவம்பர் 15? அரசமைப்பின் இன்னொரு விதி: ஆளுநர் பதவி காலியானால் அடுத்த பொதுத் தேர்தலிலேயே மீதிக் காலத்துக்கு ஆளுநரைத் தேர்ந்தெடுக்க வேண்டும், ஆனால் தேர்தலுக்கு முந்தைய 60 நாட்களுக்குள் காலியானால் அந்தத் தேர்தலில் முடியாது. 2004இல் பொதுத் தேர்தல் நவம்பர் 2. செப்டம்பர் தொடக்கத்துக்குள் மெக்ரீவி விலகியிருந்தால் மக்கள் நவம்பரில் புதிய ஆளுநரைத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். அவர் தேதியைத் தள்ளிவைத்ததால், 2006 ஜனவரி வரை செனட் தலைவர் ரிச்சர்ட் கோடியே பொறுப்பு ஆளுநர் என்றானது. எதிர்க்கட்சி கொதித்தது, வழக்கும் தொடரப்பட்டது, நிற்கவில்லை. ஆளுநர் பதவியில் இருக்கும்வரை அது காலியாகவில்லையே!

வாக்காளர்களிடம் இருந்த முடிவை, விலகும் ஒருவர் தேர்ந்தெடுத்த தேதி பறித்தது என்பதே அந்த நாட்களில் எழுந்த குற்றச்சாட்டு. அதில் நியாயம் இருக்கிறது.

கோடியின் பதவிக்காலம் இன்னொரு குறையையும் வெளிச்சம் போட்டுக் காட்டியது. அவர் செனட் தலைவராகவும் தொடர்ந்தார். எந்த மசோதா வாக்கெடுப்புக்கு வரும் என்பதைச் செனட் தலைவராக முடிவு செய்வார். செனட்டராக வாக்களிப்பார். பிறகு அதே மசோதாவுக்கு ஆளுநராகக் கையெழுத்திடுவார். நீதிபதிகளை ஆளுநராக முன்மொழிவார். ஒப்புதல் தரும் செனட்டுக்கும் அவரே தலைவர். அதிகாரப் பிரிவினை என்று பள்ளிப் புத்தகத்தில் படிப்பதற்கு நேர் எதிர் இது. போதாதற்கு, மாநிலத்தில் 40 செனட் தொகுதிகள் உண்டு. கோடியைத் தேர்ந்தெடுத்தது அவற்றில் ஒன்று.

கோடி அந்த அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று சொல்ல முடியாது. மனநலச் சேவைகளுக்கு முன்னுரிமை தந்தார், பொது உள்ளிடங்களில் புகைபிடிக்கத் தடை போட்ட சட்டத்தில் கையெழுத்திட்டார், மக்களிடம் நல்ல பெயர் வாங்கினார். ஆனால் நல்ல மனிதர் வாய்த்தார் என்பதற்காக விதி நல்லதாகிவிடாது.

2005 திருத்தம் மாற்றியது என்ன?

2005 நவம்பரில் வாக்காளர்கள் அரசமைப்புத் திருத்தம் ஒன்றை ஏற்றார்கள். முக்கியமான அம்சங்கள்:

1. துணை ஆளுநர் பதவி உருவானது. ஆளுநர் வேட்பாளரும் துணை ஆளுநர் வேட்பாளரும் ஒரே சீட்டில் நிற்பார்கள். இருவருக்கும் சேர்த்து ஒரே வாக்கு.

2. கட்சிக்குள் நடக்கும் முதனிலைத் தேர்தலில் வென்ற ஆளுநர் வேட்பாளர், அதன்பிறகு 30 நாட்களுக்குள் துணையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எனவே எதிரெதிர்க் கட்சிக்காரர்கள் ஆளுநராகவும் துணை ஆளுநராகவும் வர வழியில்லை.

3. ஆளுநர் பதவி காலியானால் துணை ஆளுநர் ஆளுநர் ஆகிறார். பொறுப்பு ஆளுநர் அல்ல. செனட் தலைவரும் சபாநாயகரும் அவருக்குப் பின்னால் நகர்ந்தார்கள்.

4. துணை ஆளுநருக்கு ஒரு துறையையும் ஆளுநர் ஒப்படைக்கலாம். அட்டர்னி ஜெனரல் பதவி மட்டும் விலக்கு.

5. துணை ஆளுநர் இடம் காலியானால் 45 நாட்களுக்குள் ஆளுநர் ஒருவரை நியமிக்க வேண்டும்.

பட்டியலில் எண் கொடுக்கும் பிரச்சினையைத் தீர்க்க 2006 ஜனவரியில் தனிச் சட்டம் வந்தது: குறைந்தது 180 நாட்கள் பொறுப்பு வகித்தவர் ஆளுநராகவே கருதப்படுவார். முன்தேதியிட்டு நடைமுறைக்கு வந்த இந்தச் சட்டத்தால் டிஃப்ரான்செஸ்கோ 51ஆவது ஆளுநராகவும், மெக்ரீவி 52, கோடி 53 என்றும் ஆனார்கள். ஃபார்மருக்கும் பென்னட்டுக்கும் எண் இல்லை. ஷெரிலின் 57 இப்படி வந்ததுதான்.

திருத்தம் நடைமுறைக்கு வந்தது 2009 தேர்தலில்தான். அதற்கு முன்பே, 2007 ஏப்ரல் 12 அன்று, ஆளுநர் ஜான் கோர்சைன் கார்டன் ஸ்டேட் பார்க்வே நெடுஞ்சாலையில் விபத்தில் சிக்கினார். வண்டி மணிக்கு சுமார் 91 மைல் வேகத்தில் போயிருந்தது. அவர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை. படுகாயமடைந்து அவர் மருத்துவமனையில் கிடந்தபோது, மே 7 வரை பொறுப்பு ஆளுநர் யார் தெரியுமா? மறுபடி ரிச்சர்ட் கோடி.

மற்ற மாநிலங்களில்

துணை ஆளுநர் இல்லாத மாநிலங்கள் இன்னும் சில உண்டு. மெயின், நியூ ஹாம்ப்ஷயர் ஆகியவற்றில் செனட் தலைவரே அடுத்தவர். ஓரிகன், வயோமிங்கில் மாநிலச் செயலர். அரிசோனாவிலும் அப்படித்தான், அங்கே இந்த வரிசை அடிக்கடி பயன்பட்டது. 1977இல் ஆளுநர் ரவுல் காஸ்ட்ரோ தூதராகப் போனதும் மாநிலச் செயலர் வெஸ்லி போலின் ஆளுநரானார். சில மாதங்களில் இறந்தார். அப்போதைய மாநிலச் செயலர் தேர்தலில் வென்றவர் அல்ல, நியமனம் பெற்றவர் என்பதால் அவருக்குத் தகுதியில்லை. அட்டர்னி ஜெனரல் புரூஸ் பாபிட் ஆளுநரானார். அரிசோனா வாக்காளர்கள் 2022இல்தான் துணை ஆளுநர் பதவிக்கு ஒப்புதல் தந்தார்கள்.

நியமனம் பெற்றவர் ஆளுநராக முடியாது என்ற அரிசோனாவின் அந்தக் கண்டிப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் அது இல்லை.

திருத்தம் தொடாத இடங்கள்

முதலாவது, மாநிலத்தைவிட்டு வெளியே போனாலே அதிகாரம் கைமாறும் என்ற விதி. குதிரையிலும் தந்தியிலும் செய்தி போன காலத்தில் இதற்குப் பொருள் இருந்தது. இன்று ஆளுநர் எங்கிருந்தாலும் கையில் தொலைபேசி இருக்கிறது. ஆனாலும் விதி மாறவில்லை.

2010 டிசம்பர் 26இல் பெரும் பனிப்புயல் நியூ ஜெர்சியைத் தாக்கியது. ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி குடும்பத்தோடு ஃபுளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டில் இருந்தார். மாநிலத்தின் முதல் துணை ஆளுநர் கிம் குவாடக்னோ மெக்சிகோவில் இருந்தார். இருவரும் குடியரசுக் கட்சி. அதிகாரம் எதிர்க்கட்சியான ஜனநாயகக் கட்சியின் செனட் தலைவர் ஸ்டீபன் ஸ்வீனியிடம் போனது; அவசரநிலையை அறிவித்தவர் அவர். துணை ஆளுநர் பதவி வந்து ஓராண்டுகூட ஆகாத நிலையில், பழைய வரிசையே வேலை செய்ய வேண்டியதாயிற்று. 2015இல் அதிபர் வேட்பாளராகும் முயற்சியில் கிறிஸ்டி ஆண்டின் பெரும்பாலான நாட்களில், முழு நாளோ அதில் ஒரு பகுதியோ, வெளியே இருந்தார். குவாடக்னோவின் பொறுப்பு நாட்கள் நீண்டுகொண்டே போயின.

இரண்டாவது, நியமனத் துணை ஆளுநர். 2023 ஜூலை இறுதியில் ஆளுநர் பில் மர்ஃபி இத்தாலியில் விடுமுறையில் இருந்தார். துணை ஆளுநர் ஷீலா ஆலிவர் பொறுப்பு ஆளுநராக இருந்த நேரத்தில் நோயுற்று மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். செனட் தலைவர் நிக்கலஸ் ஸ்குடாரியிடம் அதிகாரம் வந்தது. ஆகஸ்ட் 1 அன்று ஆலிவர் காலமானார். 2010 பனிப்புயலின்போது ஸ்வீனிக்கு அடுத்த இடத்தில் இருந்த சபாநாயகரும் இதே ஆலிவர்தான். நியூ ஜெர்சிப் பேரவைக்குச் சபாநாயகரான முதல் கறுப்பினப் பெண் அவர்.

மர்ஃபி செப்டம்பர் 8 அன்று மாநிலச் செயலர் டஹேஷா வேயைத் துணை ஆளுநராக்கினார். 45 நாள் கெடு காப்பாற்றப்பட்டது. செனட்டின் ஒப்புதல் தேவைப்படவில்லை. விதி அதைக் கேட்கவில்லை. 2026 ஜனவரி வரை, ஆளுநருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால், எந்த வாக்காளரும் தேர்ந்தெடுக்காத, துணை ஆளுநர் பதவிக்கு எந்த அவையும் ஒப்புதல் தராத ஒருவர் முழு ஆளுநராகியிருப்பார். வே தகுதியற்றவர் என்பதல்ல இங்கே கேள்வி. அவர் அனுபவம் மிக்க நிர்வாகி. நாட்டின் துணை அதிபர் இடம் காலியானால் அதிபர் முன்மொழிபவரை நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஏற்க வேண்டும். 1973இல் ஜெரால்ட் ஃபோர்டு அப்படித்தான் வந்தார். அடுத்த ஆண்டே அதிபரும் ஆனார். நியூ ஜெர்சியில் ஒரு சாதாரண நீதிபதி நியமனத்துக்குக்கூட செனட் ஒப்புதல் வேண்டும். ஆளுநராகும் உரிமையோடு வரும் நியமனத்துக்கு வேண்டாம்.

இதைச் சரிசெய்ய அரசமைப்பில் ஒரு வரி போதும்: துணை ஆளுநர் நியமனத்துக்கு இரு அவைகளின் ஒப்புதல் தேவை என்று. வெளியூர்ப் பயண விதிக்கும் ஒரு வரி போதும்: வேலை செய்ய இயலாத நிலை மட்டுமே அதிகாரத்தைக் கைமாற்றும் என்று. இரண்டுக்கும் சட்டமன்றம் முன்மொழிந்து வாக்காளர்கள் நவம்பர் தேர்தலில் ஏற்க வேண்டும். 2005இல் அதைத்தான் செய்தார்கள். ஷெரிலோடு ஒரே சீட்டில் நின்று வென்ற டேல் கால்ட்வெல் இப்போது துணை ஆளுநர். அவர் இருக்கும்வரை நியமன விதி தேவைப்படாது. அடுத்த காலியிடம் வருவதற்கு முன்பே அதைத் திருத்தினால், எந்தத் தனிமனிதரையும் மனத்தில் வைக்காமல் விவாதிக்கலாம்.